பெட்ரோல் பம்ப் காரைவிட மூத்தது, தெரியுமா?

கார் வந்தது, அதற்குப் பெட்ரோல் ஊற்ற பம்ப் வந்தது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தலைகீழ்! அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரத்தில் சில்வானஸ் பவுசர் என்பவர் தன் முதல் எண்ணெய் பம்ப்பை ஒரு மளிகைக்கடைக்காரருக்கு விற்றது 1885 செப்டம்பரில். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு காப்புரிமை கேட்டு மனுப் போட்டதோ 1886 ஜனவரி 29-ல். பவுசரின் பம்ப் இறைத்தது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய். கார் அதன் கண்ணில் படவே பல வருஷம் ஆனது!

சரி, கார் பிறந்த ஜெர்மனியில் முதன்முதலில் பெட்ரோல் போட்ட இடம் எது தெரியுமா? மருந்துக்கடை! 1888 ஆகஸ்டில் கணவருக்குச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டார் பெர்த்தா பென்ஸ். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வண்டியில் தனியாக டேங்க் கிடையாது. கார்புரேட்டரில் கொள்ளும் நாலரை லிட்டர்தான் மொத்தக் கையிருப்பு. வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் வில்லி ஓக்கெல் என்பவரிடம் லிக்ரோயின் என்ற பெட்ரோல் வகையை வாங்கி ஊற்றிக்கொண்டார். துணியில் கறை எடுக்க விற்ற சரக்கு அது! எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாராம். அந்த மருந்துக்கடை வாசலில் இன்று நினைவுச் சின்னம் நிற்கிறது.

அதற்குப் பிறகும் வெகுகாலம் ஜெர்மனியில் பெட்ரோல், மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் தகர டின்னில்தான் விற்றது. ஹனோவர் நகரத்து ராஷ்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஓலெக்ஸ் நிறுவனம் நாட்டின் முதல் பங்க்கைத் திறந்தது 1922-ல்! பெர்த்தா போய்வந்து 34 வருஷம் கழித்து! தெருவோரத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் தகரப் பெட்டிக்கு மக்கள் வைத்த செல்லப்பெயர் ‘இரும்புக் கன்னி’. அந்தக் கன்னிகளையும் அவர்களுக்குப் பின்னால் வந்த தங்கைகளையும் வாங்கி, துரு நீக்கி, பெயின்ட் அடித்து, வீட்டுக் கூடத்தில் நிறுத்தி வைக்க ஜெர்மனியில் ஒரு கூட்டமே அலைகிறது. பழைய கார் வாங்க வசதியில்லாதவர்களும் இதில் இறங்கலாம். இன்சூரன்ஸ் இல்லை, டயர் மாற்ற வேண்டாம், கராஜ் மூலையில் ஒரு சதுர அடி இரண்டு சதுர அடி இடம் போதும்.

புதிதாக இறங்குகிறவர்கள் மனதில் பதிய வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பெட்ரோல் பம்ப்பில் இறைப்பது சின்ன வேலை. அளப்பதுதான் பெரிய வேலை. தராசு மாதிரி அதுவும் அரசாங்க முத்திரை வாங்கிய அளவுக்கருவி. இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும்.

1920-களின் இரட்டைக் கண்ணாடி பம்ப்பைப் பாருங்கள். உச்சியில் இரண்டு கண்ணாடி உருளைகள், ஒவ்வொன்றும் சரியாக 5 லிட்டர். பங்க் ஆள் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட, தரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏறி முதல் உருளை நிரம்பும். கோடு வரை வந்ததும் நெம்புகோலைத் திருப்புவார். நிரம்பியது தன் எடையாலேயே ஹோஸ் வழியாகக் காருக்குள் இறங்கும். அதே நேரத்தில் அடுத்த உருளை நிரம்பத் தொடங்கும். இது காலியாக, அது நிறைய, அது காலியாக, இது நிறைய! மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வண்டிக்காரர் ஐந்து ஐந்தாக விரல் மடக்கினால் போதும், கணக்கு முடிந்தது. நம்மூர் ரேஷன் கடையில் பீப்பாயில் குழாயைச் செருகி மண்ணெண்ணெயை லிட்டர் குவளைக்கு அடித்து, விளிம்பு வரை வந்ததா என்று எல்லோரும் எட்டிப் பார்ப்போமே, அதே காட்சி, கண்ணாடிக்குள்! சேகரிப்பவர்கள் கண்ணில் இதுதான் ராஜா. விலையும் ராஜ விலை. முதல் பம்ப்பாக இதை வாங்கவே வாங்காதீர்கள். கண்ணாடி உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தேடி நாக்குத் தள்ளிவிடும்.

அடுத்து வந்த தலைமுறை கண்ணாடியை உதறிவிட்டு, மீட்டரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. பெட்ரோலின் அழுத்தம் உள்ளே பிஸ்டன்களைத் தள்ள, அவை ஓர் அச்சைச் சுழற்ற, அச்சு பல்சக்கரங்களைச் சுழற்ற, முகப்பில் எண் உருளைகள் உருளும். லிட்டரை விலையால் பெருக்கும் வேலையும் வெறும் பல்சக்கரத்துக்குத்தான். மின்னணுச் சில்லு ஒன்றுகூட இல்லாத கணக்கு இயந்திரம், மழையிலும் பனியிலும் தெருவில் நின்று பெருக்கல் போட்டிருக்கிறது! பெட்ரோலோடு வரும் காற்றுக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிடக் கூடாதே என்று காற்றைப் பிரித்து வெளியேற்ற உள்ளே தனி அறை ஒன்று உண்டு. பல பம்ப்களில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். அதில் குமிழி இல்லாமல் பெட்ரோல் ததும்பினால்தான் வாங்குகிறவருக்கு நிம்மதி.

இந்த அளவுகளுக்கெல்லாம் காவலாக நின்றது யார் தெரியுமா? பெர்லினில் 1887-ல் தொடங்கிய அரசு இயற்பியல் நிறுவனம். அதன் முதல் தலைவர் சாட்சாத் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்! இடம் கொடுத்தவர் வெர்னர் ஃபொன் சீமென்ஸ்! 1923-ல் நாட்டின் எடை, அளவுத் துறையும் இதோடு சேர்ந்தது. அதன் வாரிசு நிறுவனம் இன்று பிரவுன்ஷ்வைக் நகரத்திலிருந்து இயங்குகிறது. ஜெர்மன் பங்க்குகளில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து அளந்து முத்திரை போடும் வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது. நம்மூர் பங்க்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் கேனில் அளந்து காட்டச் சொல்லலாம் அல்லவா? அதே குடும்பத்துச் சங்கதிதான்.

ஆகவே வாங்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். கதவைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே பெயர்த்தகடு இருக்கிறதா? அதில் தயாரிப்பாளர் பெயர், எண், வருஷம் இருக்கும். சால்ஸ்கோட்டன், ஷ்வெல்ம், மோன்ஷன்கிளாட்பாக் நகரத்து ஷைட் உண்ட் பாக்மன்... இந்தப் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். மீட்டரிலும் எண்பெட்டியிலும் கம்பி கோத்து நசுக்கிய ஈய முத்திரைகள் தொங்குகின்றனவா? அவற்றிலுள்ள வருஷ எண் பம்ப் கடைசியாக எப்போது உழைத்தது என்பதைச் சொல்லிவிடும். அழுக்காக இருக்கிறதே என்று அந்த ஈயத்தைக் கத்தரித்து எறிந்துவிடாதீர்கள். பம்ப்பின் ஜாதகமே அதுதான்! மீட்டரும் எண்பெட்டியும் இல்லாத வெறும் கூட்டை, உச்சியில் புத்தம்புது கண்ணாடி உருண்டை மாட்டி ‘அசல்’ என்று நீட்டுவார்கள். பார் அலங்காரத்துக்கென்றே வார்த்தெடுத்த போலிகளும் சந்தையில் தாராளம். கூடு அழகாகத்தான் இருக்கும். எனக்கென்னவோ குடல் இல்லாத பம்ப்புக்குப் பணம் கொடுக்க மனசு வராது.

இத்தனை பம்ப்கள் எங்கிருந்து வருகின்றன? இதுவும் ஆச்சரியம்தான். 1970 வாக்கில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் சுமார் 46,000 பங்க்குகள் இருந்தன. இன்று இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த நாட்டில் சுமார் 14,000! கிராமத்துச் சைக்கிள் கடை வாசலிலும் கொல்லன் பட்டறை ஓரத்திலும் ஒற்றைப் பம்ப் நின்ற காலம் அது. கடை மூடினாலும் பம்ப்பைத் தூக்கிப்போட யாருக்கும் கை வரவில்லை. களஞ்சியத்தில் வைக்கோலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அவை மெல்ல மெல்ல சந்தைக்கு வருகின்றன. எந்தச் சந்தை? அக்டோபரில் மான்ஹைமில் கூடும் வெட்டராமா! பழைய வண்டி உதிரி பாகங்களுக்கான பிரம்மாண்டமான சந்தை. ஆமாம், பெர்த்தா புறப்பட்ட அதே ஊர்! எஸ்ஸன் நகரத்தில் பழைய கார் கண்காட்சியும் உண்டு; ஆனால் அங்கே எல்லாம் பளபளவென்று இருக்கும், விலையும் அப்படித்தான். துருவோடு வாங்க மான்ஹைம்தான் சரி. பம்ப் நல்ல கனம். ஒற்றை ஆளாகத் தூக்கிவிடலாம் என்று போகாதீர்கள்.

முதல் பம்ப்பாக எதை வாங்கலாம்? கைப்பிடியால் சுழற்றும் டூ ஸ்ட்ரோக் கலவை பம்ப். மொபெட்டுகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் பெட்ரோலையும் ஆயிலையும் கலந்து ஊற்றிய குட்டி பம்ப் இது. பழைய பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு டூ-டி ஆயில் போட்ட ஞாபகம் வரும். உடம்பு சின்னது, மின் இணைப்பு வேண்டாம், பாகங்கள் கொஞ்சம்தான். கிழக்கு ஜெர்மனியில் டூ ஸ்ட்ரோக்குக்கு இருந்த மவுசோ தனி! அங்கே ஓடிய டிராபான்ட் காரே டூ ஸ்ட்ரோக்தான். 33 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்; 1970-களில் அது 50-க்கு ஒன்று ஆனது. டேங்க் பானட்டுக்குள், எஞ்சினுக்கு மேலே. பெட்ரோல் பம்ப்பே வேண்டாம், தானாக இறங்கிவிடும்! பல வண்டிகளில் எரிபொருள் முள் கிடையாது. குச்சியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த நாட்டின் பங்க்குகளை நடத்தியது மினோல் என்ற அரசு நிறுவனம். பெர்லின் சுவர் இடிந்தபின் அது பிரான்ஸின் எல்ஃப் கைக்குப் போனது. அதனால் மினோல் எழுத்துள்ள பழைய பம்ப் என்றால் கிழக்குப் பக்கத்து ஆட்களுக்குக் கண் விரிகிறது.

நிறத்துக்கு வருவோம். நிலக்கரியிலிருந்து கிடைத்த பென்சோலைப் பெட்ரோலோடு கலந்து, அந்தக் கலவைக்கு அரால் என்று 1924-ல் பெயர் சூட்டியவர் வால்டர் ஓஸ்ட்வால்ட். அப்பா யார்? 1909-ல் வேதியியல் நோபல் வாங்கிய வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட். நிறங்களை முறைப்படுத்தத் தனிக் கோட்பாடே எழுதியவர்! அரால் பங்க்குகள் நீல-வெள்ளை நிறத்துக்கு மாறியது 1927-ல். ஜெர்மனியின் ரால் அமைப்பு முதல் நிற அட்டவணையை 40 நிறங்களோடு வெளியிட்டதும் அதே 1927-ல்! அந்த அட்டவணைதான் இன்று பம்ப் புதுப்பிப்பவர்களின் கைவிளக்கு. கதவு இடுக்கில், பெயர்த்தகட்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில் அசல் பெயின்ட் ஒளிந்திருக்கும். அதை ரால் அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டால், பெயின்ட் கடையில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு லொய்னா ஊரில் 1927 முதல் நிலக்கரியிலிருந்தே செயற்கைப் பெட்ரோல் காய்ச்சினார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்காக பெர்கியுஸும் போஷும் 1931-ல் நோபல் வாங்கினார்கள். லொய்னா பெயர் பொறித்த எனாமல் பலகை கிடைத்தால் விடாதீர்கள்.

இனி கையில் அழுக்குப் படும் வேலை. பிரிக்கும் முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். அதற்கும் முன்னால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மீட்டரிலும் ஹோஸிலும் தேங்கியிருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். காலியான பம்ப் என்று நம்பி கிரைண்டரை ஓட்டினால் பொறி பறக்கும், கூடவே கூரையும்! அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அடித்த செந்நிற அடிப்பூச்சிலும் ஈயம். எனவே உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு கூடவே கூடாது. ஈரத் தேய்ப்பு அல்லது பெயின்ட் ரிமூவர்தான், முகமூடியோடு. பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஜெர்மனி அதை முழுதாகத் தடை செய்தது 1993-ல்தான். கதவுத் தகடு மெல்லியது, சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் அலை அலையாக நெளிந்துபோகும். அடிச்சட்டத்துக்கு மட்டும் அது போதும். டிங்கரிங் தெரிந்த ஆளிடம் ஒடுக்கெடுக்கக் கொடுங்கள், பட்டியை அள்ளி அப்பாதீர்கள். உள்ளே இருக்கும் மூன்று கட்ட மின் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முகப்பு விளக்கை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்து எல்இடிக்கு மாற்றினால் போதும். பெட்ரோல்? ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது.

நாசிலைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தானாக நிற்கும் வகை என்றால் மூக்கு நுனியில் குண்டூசித் தலை அளவு ஓட்டை ஒன்று இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்த ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் அந்த ஓட்டையை மூடியதும் காற்று வர வழியில்லை. உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு சவ்வை இழுத்து, பிடியைத் தட்டிவிடும். டக்! இன்றைக்கு நம்மூர் பங்க்கில் கேட்கும் அதே ‘டக்’தான். துருவை எடுக்கிறேன் என்று அந்த ஓட்டையை மெழுகாலோ பெயின்ட்டாலோ அடைத்துவிட்டால் அதன் மூளையையே பிடுங்கியது போலத்தான்.

முடித்த பம்ப் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஆசையா? ஹாம்பர்கில் பிரான்ட்ஸ்ஹோஃப் என்ற இடத்தில் 1953-ல் கட்டிய பங்க்கை அப்படியே மீட்டெடுத்து வைத்திருக்கிறார்கள். பழைய கார்க்காரர்கள் காபி குடிக்க வண்டியோடு வந்து நிற்கிறார்கள்.

எல்லாம் முடிந்து கதவைச் சாத்தினால் கடைசியாக ஒரு செல்லத் தகராறு பாக்கி: விலை எண்ணில் என்ன வைப்பது? 1979-ல் அமெரிக்காவில் பெட்ரோல் ஒரு கேலன் 99.9 சென்ட்டைத் தாண்டியபோது, பழைய பம்ப்களில் அந்த விலையைப் போட இடமே இல்லை! அரை கேலன் விலையை வைத்து ஓட்டி, பணம் வாங்கும்போது இரண்டால் பெருக்கினார்கள். ஃபெனிக்குக்கு, அதாவது ஜெர்மன் பைசாவுக்கு, இரண்டே இலக்கம் வைத்திருக்கும் ஜெர்மன் பம்ப்களின் கதையும் அதேதான். யூரோவின் இன்றைய விலையைப் போட நினைத்தாலும் முடியாது. பெரும்பாலானவர்கள் 1960 வாக்கில் நடப்பிலிருந்த அறுபது ஃபெனிக் சொச்சத்தை உருட்டி வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பெருமூச்சு விட வைக்கிறார்கள்.