பணமும் மனமும் பற்றிய ஒரு படிப்பு

பெற்றோர்களே, டாக்டர் என்றவுடன் ஊசி போடுபவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். இதுவரை யாரும் சரியான விடை காணாத ஒரு கேள்வியை எடுத்து, பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதுபவருக்கும் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்குகிறது. அவ்வாறு ஆராயத்தக்க துறைகளுள் ஒன்று நடத்தைசார் பொருளியல். மனிதர் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதோடு நில்லாமல், உண்மையில் எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பது அது.

சம்பள நாளில் சேமிக்கத்தான் நினைக்கிறோம். மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லை. ஆனால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் கூட்டுறவுச் சேமிப்பு மட்டும் வளர்கிறது. ஒரே ஆள், ஒரே சம்பளம், ஏன் இப்படி? இத்துறையின் கேள்விகள் இத்தகையவையே.

தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், காசு நெருக்கடியான நாள்களில் அவர்களுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். கரும்பு விற்றுப் பணம் வந்தபின் மீண்டும் கொடுத்தார்கள். நெருக்கடியில் குறைவாகச் செய்த அதே ஆள், பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். மூளை மாறவில்லை, பணக்கவலை சிந்தனையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருந்தது என்பதே ஆய்வாளர் முடிவு. ஏழைக்குப் புத்தி போதாது, அதனால்தான் ஏழை என்று பேசுவோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆய்வாளர்களுள் ஒருவர் செந்தில் முல்லைநாதன். இந்தியக் கிராமத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்றவர். கணிதம், கணினி, பொருளியல் மூன்றும் பயின்று, 1998-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கணிதம் என்பதைக் கவனியுங்கள். பொருளியல் வெறும் கட்டுரைப் பாடம் என்றெண்ணி, நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதத்தைக் கைவிடும் பிள்ளைக்கு இந்த வழி மிகவும் கடினமாகிவிடும். அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பும் தேர்வும்தான். கணிதமும் புள்ளியியலும் நிறைந்தவை. பிறகே ஆய்வு. மொத்தம் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மனோதத்துவம் வழியாகவும் வரலாம். 2002-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் மனோதத்துவ அறிஞரே.

செலவு? அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்கள் பல, இப்படிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் மாணவரிடம் கட்டணம் வாங்காமல், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவித்தொகை தருகின்றன. பதிலுக்கு அவர் இளைய மாணவர்களுக்குப் பாடம் நடத்த உதவ வேண்டியிருக்கும். ஆகவே அனுமதிக் கடிதம் வந்தால், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு என்று முதலில் பாருங்கள். நகையை அடகு வைக்கும் பேச்சு பிறகு இருக்கட்டும்.