முண்ணாண் அழற்சி

முன்னொருகால் எம்மிடங் கற்ற சிறுவனொருவன், கால்கள் இரண்டும் மரத்துவிட்டன என்று இரண்டு நாள் முறையிட்டான். தேகாப்பியாசத்துக்குக் கள்ளஞ் செய்கின்றான் என்று நாம் கடிந்துகொண்டோம். மூன்றாம் நாள் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. வைத்தியர் அதனைக் குறுக்கு முண்ணாணழற்சி என்றனர். பழைய மாணவருட் பலர் இன்று தந்தையராயும் ஆசிரியராயும் விளங்குதலின், அன்று தொட்டு நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

முள்ளும் நாணும் புணர்ந்து முண்ணாண் ஆயிற்று. விதியை மாணவர் அறிவர். முள்ளந்தண்டினுள்ளே செல்லும் இந்நாண் மூளையின் ஏவலைக் கைகால்களுக்கும், உடலின் உணர்ச்சியை மூளைக்கும் கொண்டுசெல்வது.

முன்னைய தலைமுறையினர் பெரிதும் அஞ்சியது இளம்பிள்ளைவாதமாகிய போலியோவையே. அதன் வைரசு வாய்வழி புகுந்து குடலிற் பெருகும். தொற்றுற்றோருட் பெரும்பாலார்க்கு நோய்க்குறியே தோன்றாது. ஏறக்குறைய 200 பேரில் ஒருவர்க்கே மீளா வாதம் உண்டாகும். முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக்கலங்களை அது அழித்தலாற் கால் துவளும். ஆயினும் கிள்ளினாற் பிள்ளைக்கு நோகும். இலங்கையில் 1962 இல் வாய்வழித் தடுப்பு மருந்து வழங்கத் தொடங்கினர். 1993 இன் பின் அந்நோய் இங்கு காணப்படவில்லை. 2014 இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

குறுக்கு முண்ணாணழற்சியோ வேறு. பெரும்பாலும் காய்ச்சலோ தடிமனோ வந்து சில நாள் அல்லது சில வாரஞ் சென்றபின், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச்சக்தியே வழிதவறி முண்ணாணைத் தாக்குகின்றது. முதுகு நோகும், கால்கள் தளரும், இடுப்பிலோ மார்பிலோ கோடிட்டாற்போல, அதன் கீழ் உணர்ச்சி குன்றும், சலம் போகாது. இவை சில மணித்தியாலத்திலேயே முற்றுதலும் உண்டு. சலம் போகாமையைப் பெற்றோர் வெப்பத்தின்மேற் சாட்டிவிடுதல் நாம் கண்ட வழக்கம். எண்ணெய் பூசி உருவுதலிலும் நூல் கட்டுதலிலும் நாள் போக்குதல் அதனினுந் தீது. ஏனெனில் கட்டியோ சீழோ முண்ணாணை நெருக்கினும் இக்குறிகளே தோன்றும், அதற்கு உடனே சத்திரசிகிச்சை வேண்டப்படலாம். எம்.ஆர்.ஐ. படமே இரண்டையும் பிரித்துக் காட்டும். அழற்சியெனத் தெளிந்தால் ஸ்டீரொயிட் மருந்தை நாளம்வழி ஏற்றுவர். பிள்ளைகளுட் பலர் நன்கு தேறுவர். சிலர்க்கு நடையிலும் சலம் அடக்குதலிலும் குறை எஞ்சும்.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கால் துவண்டால், வைத்தியசாலையார் மலமாதிரி இரண்டு கேட்பர். 14 நாளுக்குள், 24 மணித்தியால இடைவெளியில் அவை எடுக்கப்படும். முகஞ் சுழிக்கவேண்டா, போலியோ மீண்டும் நுழைந்ததோவென நாடு காவலிருப்பது இவ்வாறே.

எம் மாணவன் ஐந்து மாதத்தின் பின் ஊன்றுகோலுடன் வகுப்புக்கு வந்தான். கடிந்துகொண்டதற்காக அவனிடம் வருத்தந் தெரிவித்தோம். அவன் தலையசைத்துவிட்டு, விடுபட்ட இலக்கணப் பாடங்களைக் கேட்டான்.