சாப்பிட்டது கூட ஞாபகம் இல்லை... 55 ஆண்டுகள் ‘இன்று’ மட்டுமே வாழ்ந்த மனிதர்! மூளைக்குள் என்ன நடந்தது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தவர் ஹென்றி மொலைசன். 10 வயதில் லேசாகத் தொடங்கிய வலிப்பு, 16 வயதுக்குப் பிறகு கடுமையானது. மாத்திரைகள் கைகொடுக்கலை. வேலைக்கும் போக முடியாத நிலை.

1953-ல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார். வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால், அதன் பிறகு சந்தித்த யாருமே ஹென்றியின் மனதில் நிற்கவில்லை. பேசிவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், அவருக்கு அவர்கள் புது ஆள்!

எதை வெட்டினார்கள்?

மூச்சு, இதயத்துடிப்பை மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. உடலின் சமநிலைக்குச் சிறுமூளை. மீதி எல்லாம் பெரும்பாலும் பெருமூளையின் வேலை. அதன் ஆழத்தில், காது இருக்கும் உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருப்பதுதான் ஹிப்போகேம்பஸ். கடல் குதிரை மாதிரி வளைந்திருப்பதால் இந்தப் பெயர். ஹென்றிக்கு இரண்டு பக்கமும் அதன் முன்பகுதியையும், ஒட்டியிருந்த அமிக்டலாவையும் எடுத்துவிட்டார்கள். இது ஒரு பரிசோதனை முயற்சிதான் என்று ஸ்கோவிலே பின்னர் எழுதினார். அந்தப் பரிசோதனைக்கு ஹென்றி கொடுத்த விலை ரொம்பப் பெரிசு.

கை மறக்கவில்லை!

ஆச்சரியம் என்னவென்றால், அவரது புத்திக்கூர்மை குறையவே இல்லை. சின்ன வயசுக் கதைகளையும் சொல்வார். ஒரு எண்ணைச் சொன்னால், மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்துக்கொள்வார். கவனம் திரும்பினால் போச்சு.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே நட்சத்திர வடிவத்தை வரைய வேண்டும். செய்து பாருங்கள், கை தாறுமாறாக ஓடும். ஹென்றிக்கும் முதல் நாள் அப்படித்தான். மூன்றாம் நாள் அழகாக வரைந்தார். ஆனால், இதை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை.

அதாவது, ஞாபகம் என்பது ஒரே சரக்கு இல்லை. சைக்கிள் ஓட்டுவது போன்ற கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு பாதை. நேற்று யாரைப் பார்த்தோம் என்பதற்கு வேறு பாதை. ஹிப்போகேம்பஸ் குடோன் அல்ல. சரக்கை உள்ளே கொண்டுபோய் அடுக்கும் ஆள் மாதிரி. ஆள் போய்விட்டார், பழைய சரக்கு பெரும்பாலும் அப்படியே இருந்தது.

‘எச்.எம்.’ என்று மட்டுமே உலகம் அறிந்திருந்த அவரது முழுப்பெயர், 2008-ல் 82 வயதில் அவர் இறந்த பிறகே வெளியானது. அடுத்த ஆண்டு சான் டியாகோவில் அவரது மூளை 2,401 மெல்லிய துண்டுகளாக வெட்டப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது. வலிப்புக்காக இப்படி இரண்டு பக்கமும் எடுக்கும் வழக்கமும் நின்றுபோனது.

நம்ம வீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிவாங்கும் இடங்களில் ஒன்று இதே ஹிப்போகேம்பஸ்தான். 50 வருஷத்துக்கு முந்தைய கல்யாணக் கதையைத் தாத்தா பிசிறில்லாமல் சொல்வார்; “காலையில மாத்திரை போட்டேனா?” என்று நாலு தடவை கேட்பார். வேண்டுமென்றே கேட்பதில்லை, அதனால் எரிந்து விழ வேண்டாம். ‘வயசாச்சுல்ல’ என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பி12 சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் கூட மறதி வரலாம்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.