இரண்டு கதவு... ஒரே நோயாளி! மனநலமும் போதை மீட்பும் ஒரே வாரியத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும்?

மன அழுத்தத்தால் தூக்கம் வருவதில்லை. தூங்குவதற்காகக் குடிக்கிறார். குடியால் வேலை போகிறது. வேலை போனதும் மன அழுத்தம் இன்னும் கூடுகிறது. இதில் எது முதல் நோய், எது இரண்டாவது நோய் என்று வீட்டில் இருப்பவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், சிகிச்சைக்குப் போகும் இடத்தில் கேட்கப்படும் முதல் கேள்வியே பெரும்பாலும் அதுதான்.

மனநல மையத்தில், ``முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க'' என்பார்கள். போதை மீட்பு மையத்தில், ``மனசு சம்பந்தமான பிரச்னையும் இருக்கே, அதை முதல்ல பார்த்துட்டு வாங்க'' என்பார்கள். நடுவில் அலைவது நோயாளியும் குடும்பமும்தான்.

அமெரிக்காவில் 2022-ல் அரசு நடத்திய தேசிய ஆய்வின்படி, மனநலப் பாதிப்பும் போதைப் பாதிப்பும் ஒருசேர இருந்த பெரியவர்கள் சுமார் 2.15 கோடி பேர். அத்தனை பேர் இருந்தும் மருத்துவமனை, நிதி, அரசுத் துறை என எல்லாமே அங்கு நீண்டகாலம் இரண்டாகப் பிரிந்தே இருந்தன. மக்கள் சார்பில் கேள்வி கேட்பதற்காக அமைக்கப்பட்ட ஆலோசனை வாரியங்கள்கூட பல இடங்களில் இரண்டுதான். இப்போது கலிஃபோர்னியா மாகாணம் அந்தப் பிரிவினையைச் சட்டப்படி மாற்றியிருக்கிறது.

கேள்வி கேட்கும் அதிகாரம்

கலிஃபோர்னியாவில் 58 கவுன்ட்டிகள் இருக்கின்றன. நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு அது. மனநல சிகிச்சையையும் போதை மீட்பு சிகிச்சையையும் ஏழை எளியவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கவுன்ட்டி நிர்வாகத்தின் பொறுப்பு.

அந்த நிர்வாகத்தைக் கவனிக்க, ஒவ்வொரு கவுன்ட்டியிலும் ஒரு மனநல வாரியம் இருக்க வேண்டும் என்கிறது மாகாணச் சட்டம். பொதுவாக 10 முதல் 15 உறுப்பினர்கள் இருப்பார்கள். சிறிய கவுன்ட்டிகளில் இன்னும் குறைவாக இருக்கலாம். உறுப்பினர்களில் பாதிப்பேராவது மனநல சிகிச்சை பெற்றவர்களாகவோ, அவர்களின் பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தோர், பிள்ளைகளாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. அதிலும், சிகிச்சை பெற்றவர்கள் குறைந்தது 20 சதவிகிதம், குடும்பத்தினர் குறைந்தது 20 சதவிகிதம்.

இந்த வாரியத்தால் ஒரு டாலர்கூட ஒதுக்க முடியாது. ஆனால், கவுன்ட்டியின் தேவைகளை ஆராயலாம், திட்டங்கள் மீது பொது விசாரணை நடத்தலாம், துறை இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது கருத்து சொல்லலாம், ஆண்டறிக்கை எழுதலாம். வழக்கமான கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம்.

மகனுக்கு மருந்து கிடைக்காமல் தவிக்கும் ஒரு தாய், துறையின் இயக்குநரை நேருக்கு நேர் பார்த்து, ``ஏன் கிடைக்கலை?'' என்று கேட்கக்கூடிய இடம் அது. அதனால்தான் அந்த நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியமாகிறது.

ஏன் இரண்டாகப் பிரிந்தன?

இரண்டு துறைகளும் வேறு வேறு வழியில் வளர்ந்தவை. மனநல சிகிச்சை, பெரிய அரசு மருத்துவமனைகளிலிருந்து கவுன்ட்டிகளுக்கு வந்தது. அதற்கு கலிஃபோர்னியாவில் வழி திறந்தது 1957-ம் ஆண்டின் ஷார்ட்-டாயில் சட்டம். டாக்டர், மருந்து, நோயறிதல் என்பதுதான் இந்த உலகத்தின் மொழி.

போதை மீட்போ, குடியிலிருந்து மீண்டவர்களே மற்றவர்களைக் கைதூக்கிவிட்ட இயக்கமாக வளர்ந்தது. 1935-ல் தொடங்கிய `ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அதன் பெரிய அடையாளம். `நானும் அந்தக் குழியில் இருந்தவன்தான்' என்று சொல்பவரின் அனுபவத்துக்கு இங்கே தனி மரியாதை.

இந்த இரு உலகங்களுக்கும் மாகாண அளவில் தனித்தனித் துறைகள் இருந்தன. 2012-ல் மனநலத் துறையும், 2013-ல் மது, போதைப் பொருள் திட்டங்களுக்கான துறையும் கலைக்கப்பட்டன. அவற்றின் பெரும்பாலான பணிகள் சுகாதாரச் சேவைகள் துறைக்குப் போயின. இருந்தாலும் நிதி வரும் குழாய்கள் தனித்தனியாகவே நீடித்தன. போதை சிகிச்சை ஆவணங்களின் ரகசியத்துக்கு 1970-களிலிருந்தே தனி மத்திய விதிகள் வேறு. ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்பு, இரண்டு கையெழுத்து!

50.2 சதவிகிதத்தில் வந்த மாற்றம்

2004-ல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து ஒரு சிறப்பு வரியைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள், அதற்கு மேற்பட்ட வருமானத்தில் 1 சதவிகிதத்தை மனநலச் சேவைகளுக்குத் தர வேண்டும். போதைப் பிரச்னை மட்டும் உள்ளவர்களுக்கு இந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாது.

2024 மார்ச் 5-ம் தேதி நடந்த வாக்கெடுப்பில் `முன்மொழிவு 1' அதை மாற்றியது. ஆதரித்தவர்கள் வெறும் 50.2 சதவிகிதம். மயிரிழையில் தப்பித்த வெற்றி. 638 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி கிடைத்ததோடு, பழைய வரிப்பணத்தைப் போதை சிகிச்சைக்கும் செலவிட வழி பிறந்தது. மனநல வாரியங்களும் 2025 தொடக்கத்திலிருந்து மனநலம், போதைப் பழக்கம் இரண்டையும் கவனிக்கும் `நடத்தைநல வாரியங்கள்' ஆகின. 25 வயதோ அதற்குக் கீழோ உள்ள ஒருவருக்கும், உள்ளூர்க் கல்வித் துறை ஊழியர் ஒருவருக்கும் வாரியத்தில் இடம் தர வேண்டும் என்றும் சட்டம் சொன்னது.

அப்படியானால், தனியாக இயங்கிவந்த போதை ஆலோசனை வாரியங்களை என்ன செய்வது? இந்தக் கேள்வி கவுன்ட்டிகளின் மேஜைக்கு வந்தது. சான் மேட்டியோ மாதிரியான கவுன்ட்டிகள் முன்பே இரண்டையும் ஒரே ஆணையத்தின் கீழ் வைத்திருந்தன. மற்ற இடங்களில் விவாதம் சூடு பிடித்தது.

லாபம் என்ன?

முதல் லாபம், அலைச்சலைப் பற்றி ஒரே இடத்தில் பேசலாம். இரண்டு வாரியங்கள் இருந்தால், `அது எங்கள் வேலை இல்லை' என்று ஒன்று மற்றொன்றைக் கைகாட்டிவிட முடியும். ஒரே வாரியம் என்றால் கைகாட்ட வேறு ஆள் இல்லை.

2022 ஜூலையிலிருந்தே கலிஃபோர்னியாவில் `தவறான கதவு என்று எதுவும் இல்லை' என்ற கொள்கை நடைமுறையில் இருக்கிறது. நோயாளி எந்த வாசலுக்கு வந்தாலும் திருப்பி அனுப்பாமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். அது காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, வாசலிலும் இருக்கிறதா என்று இணைந்த வாரியத்தால் கேட்க முடியும்.

பயம் என்ன?

முதல் பயம், பணம். வரிப்பணத்தில் கவுன்ட்டிகளின் பங்கு 95 சதவிகிதத்திலிருந்து 90 ஆகக் குறைந்திருக்கிறது. அதிலும் 30 சதவிகிதம் வீட்டு வசதிக்குப் போக வேண்டும். பாத்திரம் அதேதான், பந்தியில் உட்காருபவர்கள் கூடிவிட்டார்கள். `எங்களுக்கான சேவை வெட்டப்படுமோ' என்று மனநலக் குடும்பங்கள் கவலைப்படுகின்றன.

இரண்டாவது பயம், நேரம். மாதத்துக்கு ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரியங்களில் நான்கு மணி நேரம் பேசியதை, ஒரே வாரியத்தில் இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் மனநலம் முதலில் வந்து, போதை மீட்பு கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளப்பட்டால் அது இணைப்பு இல்லை, விழுங்கல்.

மூன்றாவதுதான் சிக்கலானது. கலிஃபோர்னியாவில் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள ஒருவரை, அவரின் சம்மதம் இல்லாமலே 72 மணி நேரம் வரை சிகிச்சைக்காகப் பிடித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. 2023-ல் வந்த திருத்தம், தீவிர போதைப் பாதிப்பையும் அந்த வரையறைக்குள் கொண்டுவந்தது. இதை அமல்படுத்த கவுன்ட்டிகளுக்கு 2026 ஜனவரி வரை அவகாசம் தரப்பட்டது.

மகன் தெருவில் உயிரைவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைக்கும் பெற்றோருக்கு இது ஆறுதல். மனம் ஒப்பாமல் யாரையும் போதையிலிருந்து மீட்க முடியாது என்று நம்பும் முன்னாள் நோயாளிகளுக்கு இது அச்சம். இந்த இரு தரப்பும் இனி ஒரே மேஜையில், ஒரே அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். கஷ்டம்தான். ஆனால், அந்தச் சண்டை நடக்க வேண்டிய சரியான இடமும் அந்த மேஜைதான்.

இணைப்பு உண்மையா... எப்படிக் கண்டுபிடிப்பது?

சாண்டா கிளாரா, அலமீடா போன்ற கவுன்ட்டிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கின்றன. அங்கிருப்பவர்கள் தங்கள் கவுன்ட்டி வாரியத்தைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கலாம்.

1. போதையிலிருந்து மீண்டவர்களுக்கு வாரியத்தில் எத்தனை நாற்காலிகள்?

2. கடந்த ஆறு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் போதை மீட்பு எத்தனை முறை, எந்த இடத்தில் வந்திருக்கிறது?

3. இரண்டு பாதிப்பும் உள்ளவர்களைப் பற்றி ஆண்டறிக்கையில் தனியாக ஒரு பகுதி இருக்கிறதா?

4. 25 வயதுக்குள் இருக்கும் அந்த உறுப்பினர், நாற்காலியை நிரப்ப மட்டும்தானா, அவரின் யோசனை ஏதாவது தீர்மானமாகியிருக்கிறதா?

பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால்தான் வாரியங்கள் இணைந்ததாக அர்த்தம்.

நம்மூரில் எப்படி?

இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மது மற்றும் போதைப் பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி அமையும் மனநல மறுஆய்வு வாரியத்தில் 6 பேர். அதில் 2 இடங்கள், நோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள் அல்லது அவர்களுக்கான அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு. கலிஃபோர்னியாவில் பாதி, இங்கே மூன்றில் ஒரு பங்கு.

சட்டம் ஒன்றாகப் பார்த்தாலும், நிர்வாகம் இங்கேயும் இரண்டுதான். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, மத்திய சுகாதார அமைச்சகத்துடையது. போதை மீட்புக்கான உதவி எண் 14446, சமூக நீதி அமைச்சகத்துடையது. இரண்டு எண்களுக்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு பிரச்னையும் சேர்ந்து இருந்தால், எந்த எண்ணை அழைத்தாலும் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்லாதீர்கள். `தூக்கமில்லை' என்று சொல்லும்போதே `குடிக்கிறார்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரியான சிகிச்சைக்கு வழிகாட்ட, எதிர்முனையில் இருப்பவருக்கு இரண்டும் தெரிந்தாக வேண்டும்.