உங்களுக்குத் தெரியுமா? அவெய்ட் போடும் இடம்

ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995-ல், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். உலாவியில் ஒரு பக்கத்தின் நிரல் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது. சர்வரின் பதிலுக்காக அது ஒரு வரியிலேயே நின்றுவிட்டால் பட்டனை அமுக்கினாலும் பக்கம் அசையாது. 'பதில் வந்ததும் இதை ஓட்டு' என்று ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டு நகரும் கால்பேக் முறை பழக்கத்துக்கு வந்தது இதனால்தான்.

லாகின் முடிந்தால் ஆர்டர் பட்டியல், அது வந்தால் விலை, பிறகு ரசீது... கால்பேக்குக்குள் கால்பேக்காக நிரல் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். 'கால்பேக் ஹெல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சரிவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படியிலும் பிழையைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் பிழை சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பெரிய ஆபத்து அதுதான்.

இதற்குத் தீர்வாக வந்தது பிராமிஸ்: 'விடை பிறகு வரும்' என்று உறுதி சொல்லும் ஒரு பொருள். அது புதுச் சரக்கு அல்ல. பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் 1988-லேயே அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலைக்குள் அது வந்தது 2015-ல்.

விடை வரும்வரை அந்த ஃபங்ஷனை மட்டும் நிறுத்திவைக்கும் ஏசிங்க்-அவெய்ட் சி ஷார்ப்பில் 2012-லும் பைத்தானில் 2015-லும் வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017 வரை பொறுக்க வேண்டியிருந்தது. இப்போது மேலிருந்து கீழாக, நடக்கும் வரிசையிலேயே நிரலைப் படிக்கலாம். பிழையைப் பிடிக்க வழக்கமான டிரை-கேட்ச் போதும்.

ஆனால் அழகாகப் படிக்க முடிகிறதே என்று எல்லா வரியிலும் அவெய்ட் போடக் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி என்று வையுங்கள். வரிசையாக அவெய்ட் செய்தால் மூன்று நொடி. மூன்றையும் ஒன்றாகக் கிளப்பிவிட்டு பிராமிஸ்.ஆல் கொண்டு காத்திருந்தால் ஏறக்குறைய ஒரே நொடி. பிறர் நிரலைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். ஒன்றின் விடை அடுத்ததற்குத் தேவையென்றால் வரிசைதான் சரி. ஒன்று தோற்றாலும் மற்றவற்றின் விடை வேண்டுமென்றால் 2020-ல் சேர்ந்த பிராமிஸ்.ஆல்செட்டில்டு இருக்கிறது.

அவெய்ட் போடக் கூடாத இன்னொரு இடம், பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச். அதற்குள் அவெய்ட் போட்டால் ஃபார்ஈச் காத்திருக்காது. அடுத்த வரி முந்திக்கொண்டு ஓடிவிடும். உள்ளே எழும் பிழையும் வெளியே உள்ள கேட்சுக்குச் சிக்காது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் 15-ஆம் பதிப்பிலிருந்து, இப்படிக் கவனிக்காமல் விட்ட ஒரே பிராமிஸ் பிழை மொத்த சர்வர் புரோகிராமையும் நிறுத்திவிடும். ஃபார்ஈச்சுக்குப் பதில் ஃபார்-ஆஃப் சுற்று எழுதுங்கள்.