துயரம் வேறு, மனச்சோர்வு வேறு: சிகிச்சை பெறுவது மறப்பதல்ல

வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்தித்து எழுதப் போகும் இடங்களில் இரண்டு விதமான பதில்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, “எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி, எங்களுக்கு வேண்டியது நீதி.” மற்றது, “குளிசை போட்டால் பிள்ளையை மறந்து போடுவனோ எண்டு பயமாக் கிடக்கு.”

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நீதி கேட்டு நிற்பவர்களிடம் “கவுன்சிலிங்” என்று சொல்லி அனுப்பிவிட்டால் கோரிக்கை அமுங்கிப் போகும் என்ற சந்தேகம் முதலாவதில் இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது பாசம். ஆனால், இந்த இரண்டு காரணங்களாலும் சுகப்படுத்தக்கூடிய ஒரு நோயோடு பலர் ஆண்டுக்கணக்கில் தனியாக இருக்கிறார்கள். அந்த நோய் என்ன, அதற்கு என்ன சிகிச்சை இருக்கிறது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

துயரமும் நோயும்

எங்கள் பேச்சில் ‘வருத்தம்’ என்றால் கவலை, நோயும் வருத்தம்தான். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதாலோ என்னவோ, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

உறவை இழந்தவர் அழுவது நோயல்ல. துயரம் அலை அலையாக வரும். பிறந்த நாளிலும், மே மாதத்திலும், ஒரு பழைய சட்டையைக் கண்டாலும் பொங்கும். இடையில் பேரப்பிள்ளையோடு சிரிக்கவும், கோயில் திருவிழாவுக்குப் போய்வரவும் முடியும். தன்னைத்தான் வெறுக்கும் எண்ணம் பொதுவாக அதில் இருக்காது.

மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி இல்லாமல் போகிறது. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி நேரம் மனம் சோர்ந்திருக்கும். அல்லது முன்பு விருப்பமாயிருந்த எதிலும் நாட்டம் இருக்காது. இவற்றில் ஒன்றாவது இருந்து, இவற்றையும் சேர்த்து மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது காணப்படுகிறதா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். மற்ற அறிகுறிகள் இவை: நித்திரை குறைதல் அல்லது கூடுதல், சாப்பாட்டில் அல்லது உடல் நிறையில் மாற்றம், ஓயாத களைப்பு, எதிலும் கவனம் நிற்காமை, பேச்சும் நடையும் மந்தமாதல் அல்லது ஒரு இடத்தில் இருக்க முடியாத பதற்றம், தேவையற்ற குற்ற உணர்வு, செத்துப்போகலாம் என்ற எண்ணம். அன்றாட வேலைகள் குழம்புகிறதா என்பதும் முக்கியம்.

எங்கள் மக்களில் பலர் “மனம் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவதில்லை. நெஞ்சு பாரம், தலையிடி, கை கால் உளைவு என்றுதான் போவார்கள். பெருமூச்சு விடுவதும் தமிழரிடையே துயரத்தின் ஒரு மொழி என்பதை, யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் “ஒன்றுமில்லை” என்று வந்த பிறகும் நோவு போகாவிட்டால், அந்த நோவு பொய் என்று அர்த்தமில்லை. காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும். ஆண்களில் சிலருக்கு இது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படும்.

ஏன் வருகிறது

இது மன உறுதி இல்லாதவர்களுக்கு வரும் நோயல்ல. பரம்பரை, மூளையின் செயற்பாடு, சிறுவயதுத் துன்பங்கள், இழப்பு, கடன், வீட்டு வன்முறை எல்லாம் சேர்ந்து இதை உண்டாக்கலாம். தைரொயிட் குறைபாடும் இதே மாதிரியான களைப்பைத் தரலாம். நீரிழிவு போன்ற நீண்டகால நோய்கள் உள்ளவர்களிடமும், பிள்ளை பெற்ற தாய்மாரிடமும் மனச்சோர்வு வரக்கூடும்.

போர் முடிந்த கையோடு, 2009 நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. பங்குபற்றியவர்களில் 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் அது 41.8 சதவீதம். அவர்கள் போரின் கொடுமைகளைக் கூடுதலாகக் கண்டவர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். பட்ட துன்பத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை இந்த எண்கள் காட்டுகின்றன. காணியும் வீடும் தொழிலும் திரும்பக் கிடைப்பதும் மனநலத்தோடு சம்பந்தப்பட்ட விடயம்தான்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. இறந்துவிட்டார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று ஆறவும் முடியாது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தின் மூலம் விளக்கினார். இந்த நிலையில் தவிப்பது இயல்பானது. தவிப்பவரிடம் குறை எதுவும் இல்லை. “திவசத்தைச் செய்து முடியுங்கோ, மனம் ஆறும்” என்று யாரும் அவர்களை வற்புறுத்தக் கூடாது. அந்த முடிவு அவர்களுடையது. ஆனால், அந்தத் தவிப்புக்குள் மனச்சோர்வு நோயும் வந்துவிட்டால், நோய்க்குச் சிகிச்சை செய்யலாம்.

என்ன சிகிச்சை

நோய் கடுமையில்லாதபோது பேச்சு வழியான சிகிச்சையே போதுமாக இருக்கலாம். உளவளத்துணை என்றால் புத்திமதி சொல்வது அல்ல. அதில் பயன்படும் ஒரு முறை, மனம் தேறட்டும் என்று காத்திராமல் சிறிய செயல்களை நேரம் குறித்துத் தொடங்குவது. காலையில் கிணற்றடிக்குப் போய்க் கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பின்னேரம் பக்கத்து வீட்டில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வருவது, இப்படி. பலருக்குச் செயல் முதலில் வரும், மனம் பின்னால் வரும்.

இன்னொரு முறை, எண்ணங்களை விசாரிப்பது. “நான் கையை விட்டதால்தான் பிள்ளை போனான்” என்று ஒரு தாய் தினமும் நினைக்கலாம். அன்று எத்தனை ஷெல் விழுந்தது, அவளுடைய மற்றக் கையில் யார் இருந்தார்கள், வேறு என்ன வழி இருந்தது என்று ஒவ்வொன்றாக அவளோடு சேர்ந்து பார்க்கும்போது, அவள் தன்மீது சுமத்திய குற்றத்தின் பாரம் குறையத் தொடங்கும். பிள்ளையின் நினைவு அப்படியே இருக்கும்.

நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் மருந்தும் தேவைப்படலாம். புளுவொக்ஸற்றின், சேர்ட்ரலின் போன்றவை மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனத்தின் மீது செயற்படுகின்றன. இவற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை சில:

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேலே செல்லும். முதல் நாட்களில் ஓங்காளம், தலையிடி, நித்திரைக் குழப்பம் வரலாம். பெரும்பாலும் தானாகக் குறையும். “மூன்று நாள் போட்டன், ஒன்றும் நடக்கேல்லை” என்று நிறுத்துபவர்கள் பலன் வருமுன்பே நிறுத்திவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம் என்பதால் வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மதுவைப் போல, மேலும் மேலும் கேட்டு அடிமையாக்கும் மருந்துகள் அல்ல இவை. டயஸிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் வேறு. அவற்றுக்குத்தான் பழக்கப்பட்டுப்போகும் ஆபத்து உண்டு.

இந்த மருந்துகள் பிள்ளையின் முகத்தை அழிப்பதில்லை. இளவயதினர் தொடங்கும்போது முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனமாகப் பார்க்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ, முன்பு அளவுக்கு மீறிய உற்சாகத்தில் நித்திரையின்றி இருந்த நாட்கள் உண்டென்றாலோ அதை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

‘கரண்ட் வைக்கிறது’ என்று பயத்தோடு பேசப்படும் மின்சிகிச்சை, சாப்பிடாமல் குடிக்காமல் உயிராபத்தில் இருப்பவர்கள் போன்ற மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் செய்யப்படுகிறது. இன்று அதை மயக்க மருந்து கொடுத்தே செய்கிறார்கள். சிகிச்சைக் காலத்து நினைவுகளில் சில குழம்பலாம் என்பது அதன் பக்கவிளைவு.

எங்கே போவது

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றில் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. மற்ற இடங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் உளநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

“விசர் எண்டு சனம் சொல்லும்” என்ற பயம் பலரைத் தடுக்கிறது. மந்திகை என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாகப் பாவித்த சமூகம் நாங்கள். கிளினிக் வரிசையில் நிற்பவர்களில் ஆசிரியர்கள், கமக்காரர்கள், மாணவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் நேரடியாகவே கேளுங்கள்: “செத்துப்போகலாம் எண்டு யோசிக்கிறீங்களோ?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. அவரைத் தனியாக விடாதீர்கள். கிருமிநாசினியையும் மருந்துகளையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவு இலங்கையில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்த பெற்றோர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். மீதி இருப்பவர்களுக்கு நித்திரையும் சாப்பாடும் நடக்கத் தெம்பும் வேண்டும். “பிள்ளை எங்கே?” என்ற கேள்விக்குக் குளிசை பதில் தராது. அந்தப் பதிலைத் தர வேண்டியது அரசு. நாளையும் எழும்பி அதே கேள்வியைக் கேட்க ஒரு தாய்க்கு உடம்பும் மனமும் இடம்கொடுக்க வேண்டும். சிகிச்சை அதற்கு உதவும்.

உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில் இப்படி ஒருவர் இருந்தால், “போய்க் காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். முதல் கிளினிக் நாளில் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டு போங்கள்.