அயலூர் அடுப்புகள் – 9: வெந்தயம் மணக்கும் தெரு

பெய்ரூட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தேன். புர்ஜ் ஹம்மூத் வந்துவிட்டதை முதலில் சொன்னது மூக்குதான். நம் வீட்டு வெந்தயத்தின் வாசனை, கூடவே பூண்டும் மிளகாயும். அதன் பிறகே கடைப் பலகைகளில் அரபுக்குப் பக்கத்தில் இருந்த ஆர்மீனிய எழுத்துகளைப் பார்த்தேன்.

வாசனை பஸ்தர்மாவிலிருந்து வருகிறது. கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சித் துண்டத்தில் உப்பைத் தடவி ஊறவிட்டு, மேலே பாரம் வைத்து நீரை வடித்து, காற்றில் காயவிடுகிறார்கள். பிறகு வெந்தயப் பொடி, பூண்டு, மிளகாய்த் தூள் எல்லாம் குழைத்த விழுதைக் கனமாக அப்பி, மறுபடியும் தொங்கவிடுகிறார்கள். எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். கடைக்காரர் அதை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாகச் சீவித் தருகிறார். ஓரத்தில் செங்கல் நிறத்தில் விழுது, நடுவில் கருஞ்சிவப்பாக இறைச்சி. தின்றவர் உடம்பில் மறுநாளும் அந்த வாசனை இருக்கும்.

இங்கே வாழும் ஆர்மீனியர்கள் விரும்பி வந்து குடியேறியவர்கள் அல்லர். 1915இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களைக் கொன்று குவித்தது. மிஞ்சியவர்களைச் சிரியப் பாலைவனம் நோக்கி நடக்கவைத்தது. தப்பிப் பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் பெய்ரூட் துறைமுகத்தை ஒட்டிய கரந்தினாவில் கூடாரங்களிலும் தகரக் குடிசைகளிலும் கிடந்தார்கள். பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த சதுப்பு நிலத்தில், ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து வீடு கட்டினார்கள். விட்டுவந்த ஊர்களின் நினைவாக நோர் மராஷ், நோர் அதானா, நோர் சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ‘நோர்’ என்றால் ‘புதிய’ என்று பொருள். 1952இல் புர்ஜ் ஹம்மூத் தனி நகராட்சியானது.

மராஷ், அதானா பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலர் துருக்கி மொழிதான் பேசினார்கள். பிள்ளைகளுக்கு ஆர்மீனியம் கற்றுக்கொடுத்தவை இங்கு எழுந்த பள்ளிகள். உணவுப் பெயர்களிலும் பிற மொழிகள் கலந்திருக்கின்றன. பஸ்தர்மா துருக்கிச் சொல், கொத்துக்கறி பரப்பிய ரொட்டியான லஹ்மாஜுனின் பெயர் அரபியிலிருந்து வந்தது. ‘அப்படியானால் இது யாருடைய சமையல்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘மந்தி’ என்னும் குட்டிக் கறிக் கொழுக்கட்டையைச் செய்யும் கைகளைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. நகமளவு மாவுச் சதுரத்தில் துளி கொத்துக்கறி வைத்து, இரண்டு முனையையும் கிள்ளினால் ஒரு குட்டிப் படகு. வட்டத் தட்டில் சுற்றுச் சுற்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கி, சிவக்கச் சுட்டு, சூடான சாறு ஊற்றி, பூண்டுத் தயிரும் புளிப்பான சுமாக் பொடியும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். தனியாளாகச் செய்து மாளாது. அம்மா, அத்தை, மகள் எல்லோரும் உட்கார வேண்டும். நடந்தே வந்தவர்களிடம் சமையல் புத்தகமா இருந்திருக்கும்? இந்தக் கிள்ளல் கைவழியாகத்தான் வந்திருக்கிறது.

2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் இந்தத் தெருக்களும் நொறுங்கின. பணவீக்கம் தாங்காமல் இளைஞர்கள் வெளிநாடு போகிறார்கள். இவர்கள் பேசும் மேற்கு ஆர்மீனியத்தை, அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2010இல் சேர்த்தது.

நமக்கும் இவர்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சென்னைக்கு வணிகம் செய்ய வந்த ஆர்மீனியர்களில் பெரும்பாலோர் ஈரானின் நோர் ஜுகாவைச் சேர்ந்தவர்கள். அதுவும் ஒரு ‘புதிய’ ஊர்தான். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது சென்னையில். பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் அரண்மனைக்காரன் தெருவில் உள்ள ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் ஒருமுறை போய்வாருங்கள். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் இருப்பது புர்ஜ் ஹம்மூத் கடைப் பலகைகளில் உள்ள அதே எழுத்து.